வெறும் சட்டி வரிசை

என் அக்காவுக்கு ஒரு பூவைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து யாரிடமும் எதையும் கேட்டு வாங்கியறியாதவள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வாய் திறந்து கேட்ட ஒரே விஷயம் அது. அதற்காக விமானம் ஏறி, கடல் தாண்டி, அட்டை கடிக்கும் ஒரு காட்டோரத்தில் உட்கார்ந்து நான் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன் என்றால் என் தலையெழுத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மேஸ்திரி. தளம் போடுவதுதான் என் பிழைப்பு. அக்கா தாவரவியல் டீச்சர். வருஷா வருஷம் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் பூவைப் பற்றிப் பாடம் எடுப்பாள். உலகத்திலேயே பெரிய பூ. இலை கிடையாது, தண்டு கிடையாது, வேர் கிடையாது. ஏதோ ஒரு காட்டுக்கொடியின் உடம்புக்குள் வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி வருஷக்கணக்கில் ஒளிந்திருந்துவிட்டு, ஒரு நாள் பட்டையைக் கிழித்துக்கொண்டு முட்டைக்கோஸ் மாதிரி எட்டிப் பார்க்கும். மாதக்கணக்கில் மொட்டாகவே இருக்கும். விரிந்தால் நாலைந்து நாள், அதற்கப்புறம் கறுத்து அழுகிவிடும். வாசனை செத்த எலி வாசனை. கரும்பலகை நிறைய அக்கா அதைச் சிவப்புச் சாக்பீஸில் வரைவாளாம். கடைசி பெஞ்சு சிரிக்குமாம். "டீச்சர், நீங்க பாத்திருக்கீங்களா?" என்று யாராவது கேட்பார்களாம். இல்லை என்று சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றுவிட்டாள்.

அவளுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. ஊர் திரும்பியதும் ஆபரேஷன். அதற்கப்புறமும் காடு மலை என்று நினைக்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே இந்தப் பயணத்தில் பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மாமா டி.வி.யை விட்டு நகர மாட்டார். "உன் தம்பியக் கூட்டிட்டுப் போ. அவனுக்கும் ஊர் சுத்திப் பாத்த மாதிரி இருக்கும்" என்று என்னைத் தாரை வார்த்துவிட்டார்.

அது சேவையும் சுற்றுலாவும் சேர்ந்த பயணம். காலையில் வேலை, மதியத்துக்கு மேல் ஊர் பார்ப்பது. வந்தவர்களில் முக்கால்வாசி ரிட்டயர் ஆனவர்கள். தலைவர் ஒரு பழைய டிரில் மாஸ்டர். எழுந்திருக்க ஒரு விசில், சாப்பிட ஒரு விசில், அருவியை ரசிக்க ஒரு விசில், ரசித்தது போதும் என்று இன்னொரு விசில். நாங்கள் அவருக்கு வைத்த பெயரே விசில்காரர்தான். வழிகாட்டியாக வந்த பெண் இப்படி வந்துபோகும் எங்கள் ஊர் ஆட்களோடு பழகிப் பழகி அரைகுறைத் தமிழ் கற்றுக்கொண்டிருந்தாள். மரியாதை அதிகம். தெருநாய்க்கும் 'வாங்க, போங்க'தான்.

பொய் சொல்லக்கூடாது, ஊர் அழகாகத்தான் இருந்தது. நான்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மரத்தின் அடியில் எங்கள் கூட்டம் முழுவதும் கைகோத்து நின்றும் சுற்று முடியவில்லை. அருவிக்குப் பக்கத்தில் நின்றால் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. விசில்காரர் ஊதியதுகூடக் கேட்கவில்லை என்பது அந்த அருவி எனக்குச் செய்த தனிப்பட்ட உபகாரம். அக்கா எல்லாவற்றையும் பார்த்தாள், சிரித்தாள், கடைசியில் வழிகாட்டிப் பெண்ணிடம் போய், "பூ விரிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டாள். தினமும் இதே கேள்வி. வேன் போகிற தூரத்தில் ஒரு காப்புக்காடு இருந்தது. அங்கே ஒரு மொட்டு. அதுவரைக்கும் மரப்பலகையில் நடைபாதை போட்டிருந்தார்கள். முட்டி போனவர்களும் மெதுவாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

எங்கள் வேலை ஒரு மலைச்சரிவின் அடிவாரத்தில். ஒரே ஓர் அறை, பிரசவ அறை. சுவர்கள் எழும்பி, பலகை அடைத்து, கம்பியும் கட்டியாகிவிட்டது. மேல்தளம்தான் பாக்கி. குடியிருப்பு மேலே, மலை உச்சியில் இருந்தது. சரிவைப் பார்த்தாலே எனக்குக் கழுத்து வலித்தது. சாரத்து ஏணியை வைத்த மாதிரி செங்குத்து.

"மழைக்காலம், வயித்துல பாப்பா, வலி வந்தா," என்று வழிகாட்டிப் பெண் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். "தூளி முடியாதுங்க. ஸ்ட்ரெச்சர் முடியாதுங்க. ஆளுங்க வரிசையா நிப்பாங்க. மேல இருந்து கீழ. கை, கை, கை. அப்படி இறக்குவாங்க. அப்புறம் படகு. ஆஸ்பத்திரி ரொம்பத் தூரம்."

"சும்மா கதை விடாதம்மா. பொம்பளையா, செங்கல்லா?" என்றேன். அவள் கோபப்படவில்லை. நான் நம்பவும் இல்லை.

தளம் போட நாள் குறித்தபோதெல்லாம் மழை. தள்ளித் தள்ளிக் கடைசி நாளுக்கு வந்து நின்றது. மறுநாள் விமானம். அந்தக் கடைசி நாளைத்தானா அந்தப் பூவும் பிடித்துக்கொள்ள வேண்டும்? அதற்கு முந்தின நாள் மாலை வழிகாட்டிப் பெண் ஓடி வந்தாள். பூ விரிந்து சில நாள் ஆகிவிட்டது, இவர்களுக்குத் தகவல் வந்தது இப்போதுதான். நாளை மத்தியானத்தோடு காப்புக்காட்டின் கேட்டை மூடிவிடுவார்கள், அதற்கு மறுநாள் பூவும் கறுத்துவிடும்.

"விடியக்காலையில ஆரம்பிச்சா பத்து மணிக்குத் தளம் முடிஞ்சிரும், அக்கா. பத்து மணிக்கு வேன். நீ பூவைப் பாக்குற. இது என் பொறுப்பு" என்று மார்தட்டினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

விடிந்ததும் மிக்ஸர் மெஷினை ஓட விட்டோம். எங்கள் ஆட்களை இரண்டு வரிசையாக நிறுத்தினேன். ஒன்று கலவைச் சட்டி மேலே போகிற வரிசை. இன்னொன்று வெறும் சட்டி திரும்பி வருகிற வரிசை. வெறும் சட்டி வரிசையில் அக்காவை ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார வைத்தேன். என் வரிசையில் ஒரு சட்டம் உண்டு. கொடுப்பவர் "பிடி" என்று சொல்ல வேண்டும். வாங்குபவர் "பிடிச்சாச்சு" என்று வாயைத் திறந்து சொல்லும்வரை கையை விடக்கூடாது. கை தொட்டதை நம்பி விட்டுவிட்டுக் கால் விரலை நசுக்கிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரிட்டயர் ஆனவர்களுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. அப்புறம் பாட்டு மாதிரி பழகிவிட்டது. பிடி, பிடிச்சாச்சு. பிடி, பிடிச்சாச்சு.

கால்வாசித் தளம்கூட முடியவில்லை. மெஷினின் பெல்ட் பட்டென்று அறுந்தது. வேறு பெல்ட் இல்லை. வாங்க வேண்டுமென்றால் படகேற வேண்டும். நான் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த பறவையெல்லாம் கிளம்பிப் போய்விட்டது. பாதித் தளத்தில் நிறுத்தினால் காய்ந்ததும் ஒட்டு விழும். ஒட்டு விழுந்த தளம் ஒழுகும். பிரசவ அறையில், இந்த மழை ஊரில், ஒழுகும் தளம்! என் தொழிலில் அதைவிடக் கேவலம் கிடையாது. இரும்புத் தகட்டைப் போட்டுக் கையாலேயே கலக்கச் சொன்னேன். நாலு பேர் மண்வெட்டியைப் பிடித்தார்கள். ஐந்தே நிமிஷத்தில் நாலு பேருக்கும் மூச்சு வாங்கியது. சரி, மானம் கப்பலேறிவிட்டது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் மேலே இலைகள் சரசரத்தன. நிமிர்ந்து பார்த்தேன். மலை இறங்கி வந்துகொண்டிருந்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. ஆணும் பெண்ணுமாக அந்தக் குடியிருப்பே சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தது. ஓடவில்லை, கத்தவில்லை. நாங்கள் யாரும் கூப்பிடவும் இல்லை.

"இவங்களுக்கு யார் சொன்னது?" என்று வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன்.

"யாரும் இல்லீங்க. மெஷின் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் நின்னுச்சு. வந்துட்டாங்க."

எத்தனையோ தளம் போட்டிருக்கிறேன். கூலி பேசி, முன்பணம் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து, அப்படியும் பாதி ஆள் வராமல் நின்ற தளங்கள். ஒரு சத்தம் நின்றதற்காக ஓர் ஊர் இறங்கி வந்து நான் பார்த்ததில்லை. மேஸ்திரி அழுதால் கலவை நீர்த்துவிடும் என்று என்னையே திட்டிக்கொண்டு எழுந்தேன். வந்தவர்கள் வரிசையில் புகுந்துகொண்டார்கள். சட்டம் அவர்களுக்குச் சொல்லியே கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த அடிவாரம் முழுவதும் "பிடி", "பிடிச்சாச்சு" என்று தமிழ் பேசியது.

அவர்களோடு, இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்திருக்க, நிறைமாத வயிற்றோடு ஒரு பெண்ணும் வந்திருந்தாள். அவளுக்கு வெறும் சட்டி வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டோம்.

பத்து மணிக்கு வேன் வந்துவிட்டது. தளம் பாதிதான் ஆகியிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். விசில்காரர் வாயருகே விசிலைக் கொண்டுபோய்விட்டு ஊதாமல் என்னைப் பார்த்தார். எங்கள் ஆட்கள் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

நான் மேலிருந்து இறங்கி ஓடினேன். "அக்கா, எழுந்திரு. வேன் வந்தாச்சு."

"தளம் முடியலையே?"

"அது என் தலைவலி. வெறும் சட்டி தள்ள ஆளா இல்ல இங்க? கிளம்பு நீ."

"நான் ஏறினா இவங்க எல்லாரும் ஏறுவாங்க, பாத்தியா? பாதி வரிசை காலி ஆயிரும்."

"ஆனா ஆகட்டும்! உன் முட்டியை வெச்சுக்கிட்டு இன்னொரு தடவை வர முடியுமா உன்னால? எத்தனை வருஷமாச் சொல்லிட்டிருக்க இந்தப் பூவை? அறிவிருக்கா உனக்கு?" அக்காவிடம் நான் குரலை உயர்த்தியதே கிடையாது. அன்றைக்கு உயர்த்தினேன். அவள் பூவைப் பார்க்காமல் போனால் அது என் தளத்தால்தான் என்று ஆகிவிடும். அந்தப் பயம் எனக்கு.

அக்கா பக்கத்து வாளியில் இருந்தவளைக் கண்ணால் காட்டினாள். "இவ பிரசவம் இந்தத் தளத்துக்குக் கீழதான்டா. என்னால ஒரு சொட்டு ஒழுகினாலும் நான் பூவைப் பாத்து என்னத்துக்கு? போ, உன் வேலையப் பாரு."

சொல்லிவிட்டு அடுத்த சட்டிக்குக் கையை நீட்டினாள். கை நீட்டினாளே தவிர, கண் அந்த வேனிடம் போய்விட்டுத்தான் வந்தது. அதை நான் பார்த்தேன். விசில்காரர் விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பேன்ட்டை மடித்துவிட்டு வரிசையில் வந்து நின்றார். வேன் டிரைவர் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு அவரும் வந்துவிட்டார்.

அதன்பின் நான் அக்கா பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் சண்டை போடுவேன். அங்கே நடந்ததை எனக்கு அப்புறம் சொன்னது வழிகாட்டிப் பெண். அந்த நிறைமாதக்காரி வேனைக் காட்டி, என்ன என்று கையால் கேட்டிருக்கிறாள். அக்கா அவளுக்கு எந்த மொழியில் சொல்வாள்? பக்கத்தில் கிடந்த பலகையில் சிமென்ட் பால் வழிந்திருந்தது. அதில் விரலால் வரைந்திருக்கிறாள். ஐந்து இதழ், நடுவில் ஒரு குழி. வரைந்துவிட்டு இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டியிருக்கிறாள். நிறைமாதக்காரி படத்தை உற்றுப் பார்த்தாளாம். மூக்கைப் பிடித்துக்கொண்டாளாம். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சரிவின் பாதி உயரத்தைக் கையால் காட்டினாளாம்.

மத்தியானம் தாண்டி, கடைசிச் சட்டியைக் கொட்டி, மட்டப்பலகையால் இழுத்துத் தளத்தை முடித்தேன். தார்ப்பாயால் மூடச் சொல்லிவிட்டு இறங்கினால் அக்கா அழுதுகொண்டிருக்கிறாள், சிரிக்கிறாள், இரண்டும் ஒன்றாக.

"இங்கேயே இருக்குடா! இந்த மேட்டுலயே! இன்னைக்குக் காலையிலதான் விரிஞ்சிருக்கு. இறங்கி வர்றப்ப பாத்துட்டுதான் வந்தாங்களாம்!"

நான் வழிகாட்டிப் பெண் மேல் பாய்ந்தேன். "இத்தனை நாளா ஏன்மா சொல்லல?"

அவள் டவுன்காரி, அவளுக்கே தெரியாது. குடியிருப்பு ஆட்களிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். "நீங்க கேக்கலையாம். அது நாறும்ங்க. விருந்தாளிங்களுக்கு நாத்தத்தை எப்படிக் காட்டுறதுன்னு சொல்றாங்க."

இருக்கிறது, சரி. ஏறுவது யார்? அக்கா அந்தச் சரிவை நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். முதல் அடிக்கே அவள் முட்டி மடங்கிவிடும். என் முதுகில் தூக்கலாம் என்றால் என்னைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். பக்கத்திலேயே இருந்துகொண்டு பார்க்க முடியாமல் போவது, தூரத்தில் இருந்துகொண்டு பார்க்காமல் போவதைவிடக் கொடுமை. அக்கா முகம் மெல்ல அடங்கியது. "சரிடா, நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள்.

நான் பதில் சொல்லும் முன் அவர்கள் நகர்ந்துவிட்டார்கள். யாரும் யாருக்கும் கட்டளை போடவில்லை. கலவை பூசிய கையை இலையில் துடைத்துக்கொண்டு, ஒருவருக்கு மேல் ஒருவராகச் சரிவில் ஏறி, வேரில் காலை ஊன்றி, மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டார்கள். காலையில் சட்டிக்கு நின்ற அதே வரிசை. இப்போது செங்குத்தாக.

முதலில் அந்த நிறைமாதக்காரியைத்தான் தூக்கினார்கள். அவள் அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள், பார், இவ்வளவுதான் என்கிற மாதிரி. கை, கை, கை. வழிகாட்டிப் பெண் சொன்னது கதையில்லை. என் கண்முன்னால் ஒரு பெண்ணும் அவள் வயிற்றுப் பிள்ளையும் கைகளின்மேல் மலை ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது அக்கா. கூச்சத்தில் புடவையைக் காலோடு இறுக்கிக்கொண்டாள். "ஐயோ, வேண்டாம்பா, நான் கனம்" என்றாள். யாருக்குப் புரியும்? ஒருவர் தோளைப் பிடித்தார், ஒருவர் முட்டி மடங்காமல் காலைத் தாங்கினார். "பிடி" என்றார் கீழே இருந்தவர். "பிடிச்சாச்சு" என்றார் மேலே இருந்தவர். பிடி, பிடிச்சாச்சு. அக்கா போய்க்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு கை டிரைவருடையது, ஒரு கை விசில்காரருடையது. நான் நாலு காலில் தவழ்ந்து, வேரைப் பிடித்து, வழுக்கி, திட்டி, பின்னாலேயே ஏறினேன்.

வாசனைதான் முதலில் வந்தது. குடலைப் பிடுங்கும் வாசனை. நான் தோளில் கிடந்த துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மேலிருந்து அக்கா கத்தினாள்: "டேய், வாசனை வருதுடா! வருதுடா!" மல்லிகைக் கூடையைக் கண்டவள் மாதிரி கத்தினாள்.

பிறகு பார்த்தேன்.

தரையில் இருந்தது. செங்கல் சிவப்பு. லாரி டயர் அகலம். ஐந்து இதழும் என் உள்ளங்கைக் கனத்துக்குத் தடித்திருந்தன, மேலெல்லாம் வெள்ளைத் தழும்பு. நடுவில் ஒரு பெரிய கிண்ணம், அதற்குள் இருட்டு, இருட்டுக்குள் முள் முள்ளாக என்னவோ. மேலே ஈக்கள். இலை இல்லை. தண்டு இல்லை. ஒரு கொடியின் பக்கத்தில் சும்மா, யாரும் வைக்காமல், யாரும் நீர் ஊற்றாமல், உலகம் ஆரம்பித்த நாளிலிருந்து இங்கேதான் இருக்கிறேன் என்பது மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரு செங்கல் வைக்க நான் எத்தனை முறை மட்டம் பார்க்கிறவன்! இதை யார் மட்டம் பார்த்தது? துண்டு எப்போது மூக்கிலிருந்து நழுவியது என்று தெரியாது. வாசனையும் தெரியவில்லை.

பழக்க தோஷம், இடுப்பில் இருந்த டேப்பை உருவினேன். அக்கா என் கையைத் தட்டினாள். "அளக்காதடா."

அவளை அதன் எதிரில் இறக்கி உட்கார வைத்திருந்தார்கள். கை நீட்டினால் தொடலாம். தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். நிறைமாதக்காரி பக்கத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பூவைப் பார்க்காமல் அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அக்கா பேசியபோது குரல் அவள் குரலாகவே இல்லை.

"சின்னதா வரைஞ்சுட்டேன்டா," என்றாள். "இத்தனை வருஷமும் சின்னதாவே வரைஞ்சுட்டேன்."

கரும்பலகை முழுக்க வரைந்தவள் அவள். நான் டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. மரங்களுக்கு நடுவே கீழே எட்டிப் பார்த்தேன். தளம் தார்ப்பாயில் பத்திரமாக மூடிக் கிடந்தது. இனி இந்தச் சரிவின் அடியிலேயே பிரசவம் பார்த்துவிடலாம். வலி கண்டவளை இறக்கிவிட்டுப் படகுக்குக் காத்து நிற்க வேண்டாம். அதை நினைத்தபோதுதான், ஒழுகும் ஒட்டைப் பற்றி நான் போட்ட கூச்சலுக்கெல்லாம் எனக்கே அர்த்தம் புரிந்தது.

நான் முந்திக்கொண்டு இறங்கி, வரிசையின் கடைசி ஆளாக அடியில் நின்றுகொண்டேன். அக்கா கை மாறி மாறி இறங்கி வந்தாள். கண் மூடியிருந்தது. முகத்தில் தூறல். எனக்கு மேலே நின்றவர் தோள் அகன்ற ஒரு பெரியவர். அவர் அக்காவை என் கையில் வைத்து, "பிடி" என்றார்.

பிடித்தேன். அக்காவை நான் அதுவரை தூக்கியதே இல்லை. சட்டம் போட்டவன் நான், வாயைத் திறந்து சொல்ல வேண்டும். வாய் திறக்கவில்லை. அவரும் விடவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி, பாதிக் கனத்தைத் தாங்கிக்கொண்டு, மழையில் அப்படியே நின்றார்.

"பிடி," என்றார் மறுபடியும், மெதுவாக.

அக்கா கண்ணைத் திறந்தாள். "டேய், சொல்லித் தொலைடா. மனுஷன் எவ்ளோ நேரம் நிப்பாரு?"

"பிடிச்சாச்சு," என்றேன்.

அவர் கையை எடுத்தார்.